அண்ணம் மூடும் வரை

குழந்தையைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரி வராண்டாவுக்கு எடுத்து வந்த நர்ஸ், பெண் குழந்தை என்று சொன்னார். கால்களைக் காட்டினார். முகத்தின் மேல் துணியின் ஒரு முனை கிடந்தது. "டாக்டர் உங்ககிட்ட பேசணும்னு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, நான் கையை நீட்டுவதற்குள் திரும்பி உள்ளே போய்விட்டார்.

என் பெயர் முருகேசன். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் பதினொரு வருடமாக வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நானும் மனைவி சுகந்தியும் மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாம் மாடியில், ஒற்றை அறை வீட்டில் குடியிருக்கிறோம். மகள் தர்ஷினிக்கு இப்போது இரண்டு வயதாகப் போகிறது. அவள் பிறந்தபோது மேலுதடும் மேலண்ணமும் பிளந்திருந்தன. சிகிச்சை இன்னும் முடியவில்லை. நடுவில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன். அன்றைக்கு அந்த வராண்டாவில் நின்றபோது எனக்கு எதுவும் தெரியாது. அதே மாதிரி எங்காவது நிற்கிற ஒருவருக்கு இது உதவட்டும்.

டாக்டர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஒரு தாளில் முகம் வரைந்தார். வயிற்றில் குழந்தையின் முகம் ஒரே துண்டாக வளர்வதில்லையாம். இரண்டு பக்கத்திலிருந்தும் சதை வளர்ந்து வந்து நடுவில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் அது நடந்து முடிந்துவிடும். சில குழந்தைகளுக்கு ஒட்டாமல் நின்றுவிடுகிறது. உதட்டில் ஒட்டாவிட்டால் உதட்டுப் பிளவு. வாய்க்குள் கூரை மாதிரி இருக்கிற அண்ணத்தில் ஒட்டாவிட்டால் அண்ணப் பிளவு. என் மகளுக்கு இரண்டும். இடது பக்கம் உதட்டில் தொடங்கி, மூக்குத் துவாரம் வழியாக ஏறி, உள்ளே தொண்டை வரை பிளவு ஓடியிருந்தது.

"ஸ்கேன்ல ஏன் தெரியல டாக்டர்?"

"குழந்தை முகத்துக்கு முன்னாடி கைய வெச்சிருந்திருக்கு. சில சமயம் தெரியாது." தாளை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "இது யாரும் செஞ்ச தப்பு இல்ல. சரி பண்ணலாம். ஆனா ஒரே ஆபரேஷன்ல முடியாது."

அப்புறம் குழந்தையைப் பார்த்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் மறைக்கப் போவதில்லை. நான் அந்த முகத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன். உடன் வந்திருந்த என் பகவதி அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பிரசவத்துக்கு உதவிக்கென்று ஊரிலிருந்து வந்தவள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஏல முருகேசா, இத சுகந்திக்கு இப்பக் காட்டாத. வயித்தைக் கிழிச்சுப் போட்டுக் கெடக்கா. தாங்க மாட்டா."

நானும் தலையாட்டினேன். சுகந்தி கண் விழித்துக் கேட்டபோது, "பிள்ளைக்கு லேசா மஞ்சள் காமாலை, வெளிச்சத்துல வெச்சிருக்காங்க" என்றேன். கடையில் சாயம் போகாத சேலை என்று சொல்லி விற்கிற அதே குரலில் சொன்னேன். முழுதாக ஒரு நாள் அந்தப் பொய்யை நான் வளர்த்தேன். மறுநாள் காலையில் நான் டீ குடிக்கக் கீழே போயிருந்தபோது அவளே எழுந்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, குழந்தைகள் அறைக்குப் போய்விட்டாள். நான் ஓடிவந்தபோது மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இவளுக்குப் பசிக்கு," என்றாள். "எல்லாரும் சேந்து என் பிள்ளையப் பட்டினி போட்டிருக்கீங்க."

பசி என்பதைப் பற்றி நான் அடுத்த ஆறு மாதம் தெரிந்துகொண்டேன். பிளவு இருக்கிற குழந்தையால் உறிஞ்ச முடியாது. வாயை மூடிக் காற்றை இழுத்தால்தான் பால் வரும். அண்ணம் திறந்திருப்பதால் காற்று மூக்கு வழியாகப் போய்விடுகிறது. தர்ஷினி மார்பைக் கவ்வுவாள், நான்கு தடவை இழுப்பாள், ஒன்றும் வராது, நீலம் பாரித்த மாதிரி அழுவாள். பீய்ச்சிய பாலை, சங்கு மாதிரி மூக்கு வைத்த பாலாடையில் ஊற்றிக் கொடுத்தால் பாதி மூக்கு வழியாக வெளியே வரும். ஒரு வேளைப் பால் கொடுக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். முடித்து, தட்டி, ஏப்பம் விட வைத்துப் படுக்கப் போட்டால் அடுத்த வேளை வந்துவிடும். நடுவில் சுகந்தி பாலைப் பீய்ச்சி வைக்க வேண்டும். பத்தாவது நாள் எடை பார்த்தபோது பிறந்த எடையைவிடக் குறைந்திருந்தாள்.

அக்கா அந்த நாட்களில்தான் கிரகணப் பேச்சை எடுத்தாள். "மூணாம் மாசம் கிரகணத்தன்னைக்கு இவ மாடியில துணி காயப் போட்டாளாம். கீழ் வீட்டுக்காரி சொல்லுதா. சொன்னாக் கேக்காம..." சுகந்தி பாலாடையைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. டாக்டர் தாளில் வரைந்து சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. யார் மேலும் தப்பில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு காரணம் கிடைத்ததில் எனக்குள் ஏதோ ஆறுதல்கூட இருந்தது. சுகந்தி என் முகத்தைப் பார்த்தாள். அதிலிருந்து எட்டு நாள் தேவையானதைத் தவிர என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா ஊருக்குப் போன பிறகும் பேசவில்லை.

அடையாறு பக்கம் இந்தப் பிளவுச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிற ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆபரேஷனுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அந்தக் கவலை ஒன்று இல்லாமல் போனது. மற்ற எல்லாக் கவலையும் அங்கே வரிசையில் காத்திருந்தது.

புறநோயாளிகள் ஹாலில் குழந்தையின் முகத்தை மறைக்காமல் மடியில் வைத்திருந்தவர்களைப் பார்த்தேன். நான் மட்டும் துண்டு போட்டு மூடியிருந்தேன். பக்கத்தில் கல்லூரிப் பையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மேலுதட்டில் மெல்லிய வெள்ளைத் தழும்பு. மேல் தாடை சற்று உள்ளே தள்ளியிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். குரல் மூக்கு வழியாக வந்தது. எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி சிரித்தேன். அவள் அதைக் கண்டுகொண்டாள். கோபப்படாமல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மறுபடி கேட்டாள்: "பாப்பாவ நான் வாங்கிக்கலாமா அங்கிள்?"

கொடுத்தேன். அவள் துண்டை எடுத்து மடித்து என் மடியில் வைத்துவிட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு இதே சைடு" என்று தன் அம்மாவிடம் காட்டினாள். தாடை ஆபரேஷனுக்காக வந்திருக்கிறாளாம். இதுவரை ஐந்து முடிந்தது, இது ஆறாவது. ஆறு! ஹாலில் உட்கார்ந்து நான் என் வயதோடு கூட்டிப் பார்த்தேன். என் மகள் அந்தப் பெண்ணின் வயதுக்கு வரும்போது எனக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிடும்.

பால் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தவர் வசந்தா சிஸ்டர். பட்டினப்பாக்கத்துக்காரர். முப்பது வருடமாக இந்தக் குழந்தைகளோடுதான் இருக்கிறார்.

"இன்னாம்மா, படுக்க வெச்சா குடுக்கற? தூக்கு. ஒக்கார்ற மாதிரி சாச்சுப் புடி. ஆங். பாலாடைய கீய் ஒதட்டு மேல வெய்யி. ஊத்தாத. அதுவா நக்கி எடுக்கும். அரை மணிக்கு மேல குடுக்காத, குடிக்கற பாலு பூரா குடிக்கறதுக்கே செலவாயிடும்."

மூக்கில் பால் வந்தால் பயப்படாமல் துடைத்துவிட்டுக் கொடுக்கச் சொன்னார். நடுநடுவே ஏப்பம் விட வைக்க வேண்டும், இந்தக் குழந்தைகள் பாலோடு காற்றையும் விழுங்கிவிடுவார்கள் என்றார். இருமினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே நிறுத்த வேண்டும். அதை இரண்டு முறை சொன்னார். உதட்டின் இரு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்க ஒரு டேப் ஒட்டினார். தினமும் மாற்ற வேண்டும். பிளவு கொஞ்சம் நெருங்கி வந்தால் டாக்டருக்குத் தைப்பது எளிது. அதைக் கழற்றும்போதெல்லாம் கன்னத்தின் தோல் சிவந்துபோகும். அவள் அழுகையை நிறுத்த நான் கடையில் கேட்ட பாட்டுகளையெல்லாம் பாடுவேன்.

சர்ஜன் ஒரு பெண்மணி, அதிகம் பேசாதவர். உதட்டு ஆபரேஷனுக்கு மூன்று நிபந்தனை சொன்னார். எடை ஐந்து கிலோ வர வேண்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்து இருக்க வேண்டும். சளி இருக்கக் கூடாது. உதடு முடிந்தபின், ஒரு வயதை ஒட்டி, பேச்சு வருவதற்கு முன்னால் அண்ணம். எட்டு ஒன்பது வயதில் ஈறுக்கு எலும்பு வைப்பது. பல் வரிசை. தேவைப்பட்டால் தாடை. காதுக்குள் நீர் கோத்துக்கொள்ளும், அதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "இப்ப உங்க வேலை ஒண்ணே ஒண்ணுதான். எடை," என்றார்.

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு வேறு பேச்சு இல்லை. வாரம் ஒருமுறை எடை. ஒரு வாரம் நூற்றைம்பது கிராம் ஏறும். அடுத்த வாரம் எண்பது இறங்கும். சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்த எண்தான் கண்ணுக்குள் நிற்கும். சுகந்தி பேச ஆரம்பித்திருந்தாள். ஆனால் அதுவும் எத்தனை மில்லி, எத்தனை தடவை என்பதுதான்.

இரண்டரை மாதத்தில் அந்த நாள் வந்தது. பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் ஊர்வலம். மாட வீதிகளில் மதியத்திலிருந்தே கால் வைக்க இடமில்லை. எனக்கு அன்று விடுமுறை. ஜன்னல் வழியாக மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சுகந்தி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்தே குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல், இருமல். திடீரென்று சுகந்தி கத்தினாள். பால் புரையேறிவிட்டது. குப்புறப் போட்டு முதுகில் தட்டினோம். இருமினாள், மூச்சு வந்தது. ஆனால் சீராக வரவில்லை. விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டு போனது.

ஆட்டோ, ஆம்புலன்ஸ் எதுவும் சந்துக்குள் வர வழியில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். பழக்கதோஷம், கை தானாகவே துண்டை எடுத்து அவள் முகத்தின் மேல் போட்டது. பின்னால் சுகந்தி செருப்பில்லாமல் வந்தாள். கூட்டம் எதிர்த்துக்கொண்டு வந்தது. நீர்மோர்ப் பந்தலில் ஒருவர் என் கையில் டம்ளரைத் திணித்தார். ஒரு அம்மாள், "கொயந்தைக்கு சாமி காட்ட எடுத்துக்கினு போறாரு, வயி வுடுங்கப்பா" என்று எனக்காகக் கூட்டத்தை விலக்கினாள். சாமி இருந்த திசைக்கு நேர் எதிராக நான் ஓடிக்கொண்டிருந்தேன். "ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி" என்று கத்தினேன். மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

போலீஸ் தடுப்பைத் தாண்டிய இடத்தில் ஒரு ஆட்டோ நின்றது. டிரைவர் வண்டிக்குள் சாய்ந்து படுத்திருந்தவர், எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"இன்னா சார் ஆச்சு?"

"குழந்தைக்கு மூச்சு..."

"மொதல்ல துண்ட எடு சார்! மூஞ்ச மூடி வெச்சிக்கினு கீற? காத்து வாணாமா அதுக்கு?"

துண்டை எடுத்தேன். உதடு, மூக்கு நுனி, விரல் நகம் எல்லாம் கருநீலமாக இருந்தன. எப்போது அப்படி ஆனது என்று எனக்குத் தெரியாது. துண்டுக்குக் கீழே, என் தோளிலேயே, யாருக்கும் தெரியாமல் அது நடந்திருக்கிறது. அவர் ஒரு நொடி அந்த முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் அருவருப்பு இல்லை. "ஏறு" என்று மட்டும் சொன்னார். அடையாறு வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. காசு கொடுக்க நினைத்தபோது வண்டி போயிருந்தது. அந்தத் துண்டை அதற்குப் பிறகு நான் அவள் முகத்தில் போட்டதில்லை.

பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகிவிட்டது என்றார்கள். ஏற்கெனவே சளி இருந்ததால் வேகமாகப் பரவியிருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே டாக்டர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "எடை ரொம்பக் கம்மி. நாங்க முயற்சி பண்றோம். நாளைக்குள்ள தேறலன்னா கஷ்டம்தான்."

இதை எழுத மூன்று நாள் தள்ளிப் போட்டேன். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வெளியே போனது. நீளமான மூச்சு. முடிந்துவிடும் என்ற நினைப்பு அதில் இருந்தது. எடை, டேப், பாலாடை, ஆறு ஆபரேஷன், புரியாத குரல், கல்யாணப் பேச்சு, எல்லாம் முடிந்துவிடும். ஒரு நொடிதான். அடுத்த நொடி நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஒன்பது நாள் உள்ளே இருந்தாள். மூக்கில் குழாய், கையில் ஊசி, காலில் ஒயர். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்க விடுவார்கள். வெளியே வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் நாங்கள் இருந்தோம். கடையில் கூட வேலை பார்ப்பவர்கள் முறை வைத்துக்கொண்டு தினமும் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஒருவன் தயிர் சாதத்தோடு, கடையில் வீணாகிற பட்டுத்துணி வெட்டுகளைத் தைத்து ஒரு சின்னப் போர்வையும் கொண்டுவந்தான். உள்ளே அனுமதிக்கவில்லை. சுகந்தி அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் ஆக்ஸிஜன் குறைத்தார்கள். அன்று மத்தியானம் சுகந்தி, என்னைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்கு டாக்டர் சொல்லையில நீங்க மூச்சு விட்டீங்க."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"எனக்குக் கேட்டுச்சு."

"சுகந்தி..."

"எனக்கும் வந்துச்சு," என்றாள். "உங்களுக்கு முன்னாடியே வந்துச்சு. பால் குடுக்கும்போதே ரெண்டு மூணு தடவ வந்திருக்கு. பாலை ஒரேயடியா வாயில ஊத்திட்டா என்னன்னு. நான் யார்கிட்டச் சொல்ல?"

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அவள் பையிலிருந்து பால் பீய்ச்சுகிற பாட்டிலை எடுத்தாள். "சரி, எந்திரிங்க. கதவுப் பக்கம் மறைச்சு நில்லுங்க. குழாயில குடுக்கவாவது பால் வேணும்லா," என்றாள். கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றபடி, கிரகணத்தைப் பற்றி அன்றே சொல்ல வேண்டியதை அப்போது சொன்னேன். உன் மேல் தப்பில்லை, டாக்டர் முதல் நாளே சொன்னார், நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று. "தெரியும். வசந்தா சிஸ்டரும் சொன்னாங்க," என்றாள். "நீங்க சொல்லுதீங்களான்னு பாத்துட்டு இருந்தேன்."

ஐந்து கிலோவைத் தொட ஆடி மாதம் ஆகிவிட்டது. ஆபரேஷன் அன்று காலையில் பால் கொடுக்கக் கூடாது என்றார்கள். மயக்க மருந்தில் வயிற்றில் உள்ளது மேலே ஏறி நுரையீரலுக்குப் போய்விடும் என்பதால். ஏழு மாதம் ஒரு சொட்டுப் பாலுக்காகக் கெஞ்சியவர்கள், அன்று நான்கு மணி நேரம் அவள் பாலுக்குக் கையை நீட்டி அலறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சுகந்தியின் ரவிக்கை நனைந்துவிட்டது. பால் வாசனைக்குக் குழந்தை அதிகமாக அழுகிறாள் என்று அவள் படியிறங்கிக் கீழே போய் நின்றுகொண்டாள். நான் தூக்கிக்கொண்டு வராண்டாவில் நடந்தேன். தியேட்டர் வாசலில் என் சட்டையைப் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாக நர்ஸ் பிரித்தார்.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. வெளியே கொண்டுவந்தபோது உதடு ஒன்றாகியிருந்தது. வீக்கம், ஊதா நிற நூல், மூக்கோரம் காய்ந்த ரத்தம். தையலைக் கையால் பிய்த்துவிடாமல் இருக்க முழங்கையை மடக்க முடியாதபடி இரண்டு கைக்கும் பட்டை. எல்லோரும் அழகாக இருக்கிறாள் என்றார்கள். எனக்கும் சுகந்திக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. கன்னத்துக்குக் கன்னம் விரிகிற அந்தப் பழைய சிரிப்பு போய்விட்டது. எந்த முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு நாள் கண்ணை எடுத்தேனோ அந்த முகத்தை போனில் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் இருந்தேன். இது நடக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நடக்கும்.

அண்ணத்துக்கு மார்கழியில் நாள் கொடுத்தார்கள். படுக்கையில் சேர்த்த பிறகு சளி என்று திருப்பி அனுப்பினார்கள். தையில் மறுபடி சேர்த்தோம், மறுபடி சளி. திரும்பி வருகிற வழியில் மந்தைவெளியில் இறங்கி, குழந்தையைச் சுகந்தியிடம் கொடுத்துவிட்டு, பேருந்து நிலையத்துச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். மாசியில் செய்தார்கள். அண்ணம் உதட்டைவிடக் கடினம். இரண்டு நாள் எச்சிலோடு ரத்தம் வடிந்துகொண்டே இருந்தது. வலியில் விழுங்க மறுத்தாள். தண்ணீர் மாதிரியான உணவு மட்டும்தான். ஸ்பூனை வாய்க்குள் விடக் கூடாது. பழைய பட்டினி திரும்பி வந்தது. மூன்றாவது வாரம் பரிசோதித்த சர்ஜன், தையல் சேருகிற இடத்தில் கடுகளவு ஓட்டை விழுந்திருக்கிறது என்றார். "சில சமயம் இப்படி ஆகும். இப்ப தொட வேண்டாம். வளரட்டும், பேச்சைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்." அன்று வீட்டுக்கு வந்து இருவரும் சமைக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண்தான் எனக்கு ஒரு விஷயத்தை விளக்கினார். 'ம' சொல்லும்போது காற்று மூக்கு வழியாகப் போகிறது. அதற்கு அண்ணம் தேவையில்லை. 'ப' சொல்ல உதட்டை மூடி, காற்றை வாய்க்குள் தேக்கி, பட்டென்று விட வேண்டும். அண்ணம் சரியாக மூடாவிட்டால் காற்று தேங்காது. "அதனாலதான் சார் நிறையக் குழந்தைங்க அம்மா சொல்லிடும். அப்பா சொல்ல வராது. அதுவும் அம்மான்னுதான் வரும்."

அப்படித்தான் வந்தது. சுகந்தியும் அம்மா, நானும் அம்மா. கடையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அந்தக் கல்லூரிப் பெண்ணின் குரல் நினைவுக்கு வரும். கடுகளவு ஓட்டை நினைவுக்கு வரும். இன்னொரு ஆபரேஷனா, அதற்கும் அந்தப் பட்டினியா என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவேன். பயிற்சிக்கு ஒரு சின்னக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். குழந்தை 'பா' சொல்லும்போது மூக்குக்குக் கீழே பிடிக்க வேண்டும். மூக்கில் காற்று ஒழுகினால் கண்ணாடியில் ஆவி படியும். தினமும் கடைக்குக் கிளம்புமுன் அவளை உட்கார வைத்து "பா, பா" என்பேன். "மா, மா" என்பாள். கண்ணாடி மங்கிவிடும். துடைத்துவிட்டு மறுபடி பிடிப்பேன். நான்கு மாதம்.

போன செவ்வாய்க்கிழமை காலை அவள் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியை நீட்டினேன். முகத்தைத் திருப்பினாள். மறுபக்கம் போய் நீட்டினேன். "பா சொல்லு பாப்பா, பா." என் கையைத் தள்ளினாள். எனக்கு நேரமாகிவிட்டது, எரிச்சல் வேறு. தாடையைப் பிடித்துத் திருப்பினேன்.

என்னை முறைத்துப் பார்த்தாள். உதட்டை இறுக்கி மூடினாள். கன்னம் இரண்டும் உப்பின.

"போ!" என்றாள்.

கண்ணாடியைப் பார்த்தேன். அதில் ஆவி இல்லை.

அடுப்படியிலிருந்து சுகந்தி எட்டிப் பார்த்தாள். "இப்ப என்ன சொன்னா?"

"என்னைப் போகச் சொல்லுதா," என்றேன்.

சுகந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் மூச்சுக்கூட விடவில்லை. தர்ஷினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் டம்ளர்களைக் கையால் அணைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இன்னும் பலமாக, இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

"போ! போ!"